பிரிஜித்தை உள்ளே விடுங்கள்

புனித பிரிஜித்தம்மாள் தன் திருநாளுக்கு முந்தைய மாலை வீடு தேடி வருவாள் என்பது எங்கள் அயர்லாந்து வழக்கம். எங்கள் வீட்டில் பிரிஜித்தாக வருவது என் மகள் கிரான்யாதான். சால்வை போர்த்தி, ஒரு கட்டுக் கோரைப்புல்லை ஏந்தி, வீட்டையும் பின்னாலுள்ள வயலையும் சுற்றிவந்து, சாத்திய கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பாள். நாங்கள் உள்ளே முழங்காலிட்டுப் பதில் சொல்வோம். அப்புறம் அந்தக் கோரையில் சிலுவை பின்னி வாசல் நிலைக்கு மேலே செருகுவோம்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பந்தாடும்போது அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப்போட்ட காலோடு ஈர வயலில் எப்படி நடப்பது?

"அப்ப இந்த வருஷம் பிரிஜித்தே கிடையாது" என்று சோபாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வரேன்! நான்தான் பிரிஜித்!" என்று குதித்தான் என் நாலு வயது மகன் யூனன்.

"சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, இவரு புனிதராம்!" என்றாள் கிரான்யா.

பாத்திரத் தொட்டியருகே டெர்வ்லா கரண்டி துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பெற்றவளால் இப்போதைக்கு வளர்க்க முடியவில்லை என்று, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குழந்தைகள் நல அதிகாரி எங்களிடம் கொண்டுவந்து விட்ட பிள்ளை. தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்பாள். வேறெதுவும் கேட்டதில்லை.

"நான் வேணா போகட்டுமா?" என்றாள், கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிரான்யா தன் இடத்தை விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. டெர்வ்லாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் சால்வைய சேத்துல இழுக்கக் கூடாது" என்றாள் கடைசியில்.

பிறகு சொல்லவேண்டிய வார்த்தைகளை அவளே உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

இருட்டத் தொடங்கியபோது டெர்வ்லா கோரையோடு பின்வாசல் வழியே போனாள். உருளைக்கிழங்கை வெங்காயத்தாளோடு மசித்து, நடுவில் வெண்ணெய்க் குழி வைத்து மேசையில் வைத்தேன். எல்லோரும் முழங்காலிட்டோம். கட்டுப்போட்ட கிரான்யா மட்டும் நாற்காலியில்.

கதவு தட்டப்படவில்லை.

"வயலைச் சுத்தி வரச் சொன்னோமா, ஊரைச் சுத்தி வரச் சொன்னோமா?" என்றார் என் கணவர் கொனல். "என் முட்டி கழண்டுடும்போல இருக்கு."

நான் எழப்போனேன். அதற்குள் கிரான்யா ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய், கதவிலிருந்த தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏய், இங்கதானே நிக்கிறே! தட்டேன்டி!"

வெளியே மழைச் சத்தம் மட்டும். பிறகு மெல்லிய குரல்.

"தட்டியும் தொறக்கலேன்னா?"

"ஏன் தொறக்க மாட்டோம்?"

"முன்னாடி இருந்த வீட்டுல ஒரு நாள் தொறக்கல. ரொம்ப நேரம் தட்டினேன்."

கொனல் என்னைப் பார்த்தார். கிரான்யா கதவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள்.

"இதோ பாரு, பிரிஜித் கேட்டா தொறந்தே ஆகணும். காலங்காலமா இருக்கிற சட்டம். தொறக்கலேன்னா மாடு பால் குடுக்காது."

"உங்க வீட்டுல மாடே இல்லையே?"

"பக்கத்து வீட்டு மாடு குடுக்காது. அந்தாளு எங்கப்பாவை அடிக்க வருவாரு. சீக்கிரம் கேளுடி!"

வெளியே கேட்டது சிரிப்பா விசும்பலா, தெரியவில்லை. அப்புறம் கதவு அதிர்ந்தது.

"முழங்காலிடுங்க! கண்ணைத் தொறங்க! பிரிஜித்தை உள்ளே விடுங்க!"

"வாங்க தாயே, வாங்க! இது உங்க வீடு!" என்று கத்தினோம். யூனன் கத்தியதில் என் காது அடைத்துப்போயிற்று.

கிரான்யா கதவை விரியத் திறந்தாள். நனைந்த சால்வை, நெஞ்சோடு அணைத்த கோரை, சிவந்த மூக்கு. டெர்வ்லா உள்ளே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோரையை மேசையடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவை வரட்டுமா?" என்றாள்.

"சாப்பாடு ஆறிடுமே…" என்று தொடங்கிய என்னைக் கொனல் கையமர்த்தினார். "வாம்மா. எத்தனை தடவை வேணா வா."

மறுபடியும் போனாள். மறுபடியும் தட்டினாள், இந்த முறை தயங்கவில்லை. மூன்றாவது தடவை போகும்போது யூனன் "நானும், நானும்" என்று அழுதான். அவள் சால்வையின் ஒரு நுனியை அவன் தலையில் போட்டு, கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தோம். வெளியே அவள் ஒவ்வொரு வார்த்தையாக அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.