ஒரு பெயர் தள்ளி

1

இந்தக் கதையை எழுதக் காரணம் ஒரு தையற்கடை வாசல். அங்கே நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது; இன்னும் அடங்கவில்லை. வேறு பெரிய நோக்கம் எதுவும் கிடையாது.

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: "அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் ஒரு போர் கிடைக்கும், வானம்கூட அங்கே"

வேண்டாம். வானத்தை இழுக்கும் வாக்கியங்கள் எனக்கு ஒத்துவராது. நேராகச் சொல்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பீரங்கி, அதன் வாய்க்குள் கடலைத் தோல். அஞ்சலகச் சுவரில் குண்டு பாய்ந்த குழிகள். வெள்ளையடிக்கிறவர்கள் அவற்றை மட்டும் பூசாமல் சுற்றிப் போகிறார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் வாயைப் பிளந்தேன்.

"தம்பி, வாய மூடிட்டு ஃபோனப் பாருங்க" என்றார் அண்ணி.

2

(தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஃபோனைப் பார்த்துத் தேடிய இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் சிறு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு கிடையாது. வேலையத்த வேலை என்பார் என் அம்மா.)

இந்தப் பெட்டியை ஒளித்தது என் அண்ணன். அந்த ஊர் முகாமில் சிப்பாயாக இருந்தான். கடைசி எண்ணை மட்டும் போடாமல், குறிப்பில் அவனுக்கே உரிய குசும்பு: "போர் நினைவுத் தூணில் எத்தனை பெயர் என்று எண்ணு. அதுதான் கடைசி எண்." அவன் எண்ணியபோது ஐம்பத்தேழு.

பிறகு எல்லைக்குப் போனான். [இங்கே ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். போனான், வரவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிகிறது.]

3

அவன் கையால் வைத்த பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. போன மாதம் கிளம்பினோம். தூணில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினார். கடைசிப் பெயரில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ஐம்பத்தெட்டு" என்றார்.

எண்ணைப் போட்டோம். கோட்டை மதிலுக்கு எதிரே, சீருடை தைக்கும் கடை வாசலில் ஃபோன் எங்களை நிறுத்தியது. பெட்டியைக் காணோம்.

தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே சிரித்தார். "பெட்டிதானே? இப்பல்லாம் எல்லாரும் இங்கதான் வந்து முழிக்கிறாங்க. தூண்ல புதுசா ஒரு பேரு வெட்டிட்டாங்க. அத விட்டுட்டு எண்ணுங்க, சரியா வரும். எதிர்த்தாப்ல மதில்ல துப்பாக்கி நீட்டுற ஓட்டை இருக்கு பாருங்க, அங்க."

"அத எப்படிங்க விடறது?" என்றார் அண்ணி.

"ஒரு பேருதானேம்மா."

"என் வீட்டுக்காரரு."

மெஷின் நின்றது.

(அண்ணனின் சீருடையைத் தைத்ததே இவர்தான் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். ரொம்ப ஓவர். அவர் செய்ததெல்லாம், ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டது மட்டும்.)

4

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கோ உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களுக்கு என் அண்ணனைத் தெரியாது. ஓர் உளி கல்லில் ஒரு பெயரை வெட்டியது. பூமியில் ஒரு புள்ளி தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவன் இருந்ததற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு தெரு அகலம். அதைச் செருப்புக் காலோடு நான் நடந்து கடந்தேன். அம்மாடி!

5

"குறிப்பத் திருத்திடலாம் அண்ணி. ஒன்னக் கழிக்கணும்னு ஒரு வரி போதும்."

"அவரையா கழிக்கச் சொல்றீங்க?"

"அப்போ பெட்டிய இந்தப் பக்கம் மாத்திரலாம்."

"அது அவரு வெச்ச இடம் தம்பி."

அண்ணி தெருவைக் கடந்து போய் மதில் ஓட்டைக்குள் கைவிட்டு எடுத்தார். பழைய மருந்து டப்பா. உள்ளே அண்ணன் எழுதிய கடிதம் எதுவும் இல்லை, ஆவலாகப் பார்க்காதீர்கள். யார் யாரோ கையெழுத்துப் போட்ட தாள், ஒரு பென்சில். பென்சிலின் பின்முனையில் பல் தடம். பள்ளிக்கூடத்திலிருந்தே அண்ணனுக்கு அந்தப் பழக்கம். அண்ணி அதைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அழுதுவிட்டேன்.

6

முடிவு அ: டப்பா ஓட்டைக்கே திரும்புகிறது. வருகிற ஒவ்வொருவரும் அவனை விட்டுவிட்டு எண்ண வேண்டும்.

முடிவு ஆ: தையற்கடை வாசலுக்கு வருகிறது. எண்ணிக்கையில் அவன் இருப்பான்; அவன் தேர்ந்தெடுத்த இடம் போய்விடும்.

முடிவு இ: டப்பாவை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு (இதைப் படித்துவிட்டு அண்ணி முறைத்தார். விட்டுவிட்டேன்.)

அண்ணி டப்பாவோடு தெருவில் இறங்கி, பாதியில் நின்றுவிட்டார். என் எழுத்தும் அங்கேயே நிற்கிறது. நீங்கள் தூணுக்குப் போய் எண்ணிவிட்டு வாருங்கள். எத்தனை வருகிறதோ, அந்தப் பக்கமாக அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். சீக்கிரம் வாருங்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.