வக்கீலம்மா வரும் வரைக்கும்

"கெளம்பு ஜிஸ்மி. போய் உள்ளதச் சொல்லிட்டு வந்துருவோம்."

செபாஸ்டின் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மதலேனம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"வக்கீலம்மா வராம எம் மக அங்க வாயத் தொறக்க மாட்டா."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? தப்பு செஞ்சவன்தான் வக்கீலத் தேடுவான். கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா?"

அந்தக் கேரளத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். புருஷனும் பெண்டாட்டியும் அடிக்குரலிலேயே சண்டை போட்டார்கள்.

ஏலப்பாறைக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்ட முதலாளி வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடந்த அவருடைய தாயைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஜிஸ்மிக்கு. போன வாரம் அந்த அம்மாள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்ததும் அவள் கழுத்துச் செயினைக் காணோம் என்று முதலாளி மகன் புகார் கொடுத்தார். வீடு நிறைய ஆட்கள் வந்து போயிருந்தும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது ஜிஸ்மிக்கு மட்டும்தான்.

மதலேனம்மாளுக்குத் தன் தம்பி சிலுவைராஜின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவன் ஜீப் டிரைவர். இடுப்பு வலியில் துடித்த ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, முதலாளியிடம் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டான். போலீஸ் கேட்டபோது உள்ளதைச் சொன்னான்: "அவசரத்துல எடுத்தேன் சார்." மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வாய்ப்புப் பார்த்து வண்டியைக் கடத்தினான் என்று எழுதிக்கொண்டார்கள். வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் ஜெயிலுக்குப் போனான். திரும்பி வந்தவன் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை.

அதனால்தான் காலையிலேயே பீர்மேட்டிலிருக்கும் அஞ்சு என்கிற வக்கீலம்மாவுக்குப் போன் போட்டிருந்தாள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுகிறவள். "ஞான் வரும் சேச்சி. பேரும் அட்ரஸும் சொன்னா மதி, போதும். ஞான் வர்ற வரைக்கும் வேற ஒண்ணும் பறயண்டா" என்று, வேறெதுவும் சொல்லக் கூடாதென மலையாளம் கலந்த தமிழில் எச்சரித்திருந்தாள் அவள்.

கடைசியில் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே அஞ்சு இன்னும் வந்திருக்கவில்லை.

எஸ்.ஐ. தேனாய்ப் பேசினார். "மோள் பேடிக்கண்டா. உள்ளது பறஞ்சிட்டு வீட்டில் போகாம்."

பயப்படாதே, உள்ளதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னதுமே ஜிஸ்மிக்கு அழுகை முட்டியது. "சார், அந்தச் செயினக் கழத்துனது நாந்தான்..."

ரைட்டரின் பேனா ஓடியது. மதலேனம்மாள் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். உடலைக் குளிப்பாட்டும்போது கழற்றி, அந்த வீட்டு மருமகளின் கையில் கொடுத்ததை ஜிஸ்மி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஆனால் பாதி உண்மை இப்போதே காகிதத்தில் ஏறிவிட்டது.

"பாக்கி கூடி பறயட்டே." மீதியையும் சொல்லட்டும் என்ற எஸ்.ஐ.யின் குரலில் தேன் வற்றியிருந்தது.

"வக்கீலம்மா வந்ததுக்கப்புறம் சொல்லுவா சார்." மதலேனம்மாள் மகளின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்தினா வக்கீல்? கட்டது நீயாணோ?"

எதற்கு வக்கீல், திருடியது நீயா என்று அவர் அதட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே கார் வந்து நின்றது. முதலாளி மகன் உள்ளே வந்தார். கூடவே கறுப்புக் கோட்டில் அவருடைய வக்கீல். எஸ்.ஐ. எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். எதற்கு வக்கீல் என்று முதலாளி மகனிடம் யாரும் கேட்கவில்லை.

சுவரோரம் நின்ற செபாஸ்டின் அந்தக் கறுப்புக் கோட்டையே வெறித்துப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சம்பந்தி.

"ஆமா, ஸ்டேஷன்லதான் இருக்கோம். ஆமாய்யா, வக்கீல் வாராங்க." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணத்த நடத்துறதும் நிறுத்துறதும் ஒங்க இஷ்டம். வக்கீல் வராம எம் புள்ளய நடுவுல எழுப்பிக் கூட்டிட்டு வர மாட்டேன்."

வந்து பெஞ்சில் மகளின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார்.

மழையில் நனைந்தபடி அஞ்சு வந்து சேர்ந்தாள். ரைட்டர் எழுதிய பாதியை முதலில் வாசித்தாள். பிறகு ஜிஸ்மியை மெல்லச் சொல்லவைத்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொல்லி, அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட விட்டாள். மருமகளின் கையில் கொடுத்த விவரமும் அதில் ஏறியது.

இரண்டு நாளில் அந்த மருமகள் செயினைத் தன் அலமாரியிலேயே கண்டெடுத்தாள். வீட்டு விஷயம் என்று புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டு யாரும் லயத்துப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. செபாஸ்டின் மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தே போய்க் கேட்டுவிட்டு, பொழுது சாய்ந்து திரும்பினார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மதலேனம்மாள்.

"களவு இல்லன்னு அவங்களுக்கும் தெரியுமாம். ஆனா..." செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார். "எங்க பேசணும், எங்க பேசக் கூடாதுன்னு தெரிஞ்ச பொண்ணு, எங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வராதுன்னுட்டாங்க."

மதலேனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஜிஸ்மி அழவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்கப்பா" என்றாள்.