ஐந்தரைக் கட்டையிலிருந்து

"மழைக்குக் கம்பி துருப்பிடிச்சுது, மாத்தினேன். அதுக்குப் போய் இத்தனை—"

"மாத்தினதை யார் கேட்டா? தடிக் கம்பி ஏன் போட்டேள்னு—"

"எல்லாம் ஒரே கம்பிதான் அனந்தம், வெறுதே நீ—"

"துடைச்ச கைக்குத் தெரியாதா? இந்தக் கிட்டாரை நித்தம் துடைக்கறது நானாக்கும்!"

சேஷன் கிட்டாரை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். கிழக்கேகோட்டையில் அவர்கள் வீட்டு மாடியறை அது. வெளியே மழை சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. குளத்துப் பக்கமிருந்து வந்த பிற்பகல் வெளிச்சம் பாசி நிறத்தில் சுவரெல்லாம் படர்ந்து, கிட்டாரின் சிவப்பைக்கூட மங்கலாக்கியிருந்தது.

அனந்தலக்ஷ்மியின் பாட்டுக்கு வயலின் இருக்க வேண்டிய இடத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு உட்காருகிறவர் அவள் கணவர். சாயங்காலம் ஊருக்கு வெளியே, கழக்கூட்டத்தில் மகள் பத்மஜா இருக்கும் ஃப்ளாட்டில் ஓணக் கச்சேரி. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நாலு பேர் முன்னால் பாடப்போவது இதுதான் முதல் தடவை.

"சுருதியை இறக்கியிருக்கேள்," என்றாள் அவள்.

"மழை ஈரம், கழுத்து மரம் கொஞ்சம்—"

"மரத்தை இழுக்காதேங்கோ. சுருதி இறங்கினா மெல்லிசுக் கம்பி தொளதொளன்னு தொங்கும். ஃப்ரெட்டில உரசிக் கரகரங்கும். தடியாப் போட்டா இறுக்கம் பழையபடி நிக்கும், யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லித்தானே நேக்கே தெரியும்?"

"ஐந்தரையிலேர்ந்து நாலரைக் கட்டைக்கு," என்றார் சேஷன். "பெட்டியையும் இறக்கினேன்."

சுருதிப் பெட்டி எப்போதும் அவர் பக்கம்தான் இருக்கும். பெட்டி முனகத் தொடங்கியதுமே அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். எந்தக் கட்டையில் வைத்திருக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்போ நேத்து மேல் பஞ்சமம் நின்னுதே, அது?"

அவர் பெட்டியைத் தன் முதுகுப் பக்கம் நகர்த்தினார்.

"தொண்டை திரும்பி வந்துடுத்துன்னு பத்மஜாவுக்கு ஃபோன் பண்ணி அழுதேனே! நீங்க பக்கத்துல நின்னு காப்பி ஆத்திண்டிருந்தேள்."

"அழுதுண்டே சிரிச்சே. அப்போ போய் எப்படிடீ சொல்றது?"

"ஏத்துங்கோ."

"இந்தக் கம்பியில ஐந்தரைக்கு ஏத்தினா—"

"ஏத்துங்கோன்னேன்."

அவர் பெட்டியை ஐந்தரைக்கு ஏற்றிவிட்டு, கம்பிகளை இறுக்கும் பிரடைகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல கிட்டாரின் கழுத்து இம்மியளவு முன்னால் வளைந்தது. கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. ஒரு கமகத்துக்காக அவர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தார். அது நகரவே இல்லை. விரல் நுனியில் வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு சிவந்தது.

அவள் பாடினாள். மேல் பஞ்சமத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பிளந்த இரண்டும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக மழைக்குள் போய்விட்டதுபோல அறை காலியாயிற்று. மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் பிளந்தது.

"கிட்டாருக்கு வேற கம்பி உண்டு," என்றாள். "தொண்டைக்கு எதை மாட்டுவேள்?"

"அனந்தம்..."

"விரலைக் காட்டுங்கோ. ஐயே! ஒரு கமகம் இழுக்கப் பாங்கில்லை, உமக்கெதுக்கு இந்த வீம்பு?"

"வீம்பு எனக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, வராமல் போயிற்று. அவர் விரலை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பெட்டியை அணைச்சிடுங்கோ. ஒத்தைக் கம்பி மதி, மத்தது வேண்டாம். மீட்டிண்டே இறக்குங்கோ, மெதுவா. எங்கே நிக்கணும்னு நீங்க தீர்மானிக்க வேண்டாம். நான் சொல்றேன்."

அவர் மீட்டினார். பிரடை திரும்பத் திரும்ப, ஓசை ஈரச் சுவரில் வழியும் நீர்போலக் கீழே நழுவியது. அவள் கண்ணை மூடி, வாய் திறக்காமல், அதன் கூடவே முனகியபடி இறங்கினாள். முதலில் அந்த முனகல் மெல்லிய நூலாக இருந்தது. இறங்க இறங்கச் சதை பிடித்தது. பிறகு அதற்குள் ஒரு வெதுவெதுப்பு ஏறியது. முப்பது வருஷம் பக்கவாத்தியம் வாசித்தும் சேஷன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அனந்தலக்ஷ்மியின் புடவையைக் கட்டிக்கொண்டு வேறொருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் யாரென்று கேட்கக்கூட அவருக்குப் பயமாயிருந்தது.

கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் உரசத் தொடங்கியது. அந்தக் கரகரப்போடும் சேர்ந்து அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

பிரடையிலிருந்து விரலை எடுக்காமலே அவர் கேட்டார்:

"நாலரை எப்பவோ தாண்டியாச்சு. நிறுத்தட்டுமா, அனந்தம்?"