கவிழ்ந்த பந்தம்

அச்சிலிருந்து உரித்தெடுத்த தாளை ஈரத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் காரியஸ்தர் ஃபுல்ஜென்சியோ. அவருடைய எசமானர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய படம். இடையன் குழல் ஊதுகிறான், இடைச்சி பூத்தொடுக்கிறாள், எல்ம் மரத்தைத் திராட்சைக்கொடி மனைவியைப் போலத் தழுவியிருக்கிறது. நடுவே சிறகு முளைத்த குழந்தை, கையில் தீப்பந்தம்.

"அட பாவி! பந்தம் கவிழ்ந்து கிடக்கே. மேல பார்த்து எரிஞ்சா கல்யாணம், கீழ பார்த்தா சாவு. ரோம்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளைய இப்பவே வழியனுப்புறியா?"

படத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கிய வியோலாந்தே எட்டிப் பார்த்தாள். செம்பில் செதுக்குகிறவர்கள் உளியைத் திருப்புவதில்லை, தோல் மெத்தைமேல் தகட்டைத்தான் திருப்புவார்கள். குழந்தையின் சுருட்டைமுடிக்காகத் தகட்டைத் தலைகீழாகத் திருப்பியவள், அதை மறந்து பந்தத்தையும் அப்படியே வெட்டிவிட்டாள். கற்றுக்குட்டி செய்கிற தவறு. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, வெட்கம் வரவில்லை. கோடையில் கொள்ளைநோய்ப் பிணவண்டி மகள் லிசெத்தாவை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை.

காரியஸ்தர் தாளைக் கணப்பில் போட்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சுடரை மேலே ஏற்றினால் அது குழந்தையின் முகத்தில்தான் விழும். முகத்தை அழித்து வேறு பக்கம் திருப்பி வெட்ட வேண்டும். அச்சு ஓட்டும் அவள் கணவன் எர்கோலே தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நம்ம லிசெத்தாதானே?"

அவள் சுரண்டும் கத்தியை எடுத்தாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி நமக்குன்னு ஒரு தாள் அடிச்சுக்குவோம்டி. அவளோட வேற படம் ஏது?"

"வேணாங்க. அவதான்னு நினைச்சுத்தான் வெட்டினேன். தாள்ல பார்த்தா யாரோ வீட்டுப் புள்ள. அவ முகம் எனக்கு மறந்துபோச்சு."

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். எர்கோலே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

அவளே சுரண்டினாள். கண், கன்னம், மோவாய் எல்லாம் செம்புத் தூளாக மடியில் விழுந்தன. சுரண்டிய இடம் குழிந்துவிட்டது. பின்பக்கமிருந்து தட்டி மேலே எழுப்பினால்தான் மறுபடி வெட்ட முடியும். எர்கோலே தகட்டைப் பட்டறைக்கல்லில் குப்புறப் போட்டான். முகம் இருந்த இடம் எதுவென்று அவள் ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டினாள். விரலுக்குப் பக்கத்தில் அவன் மெதுவாக ஒரு தட்டு தட்டினான். பிள்ளை தூங்கும் அறைக் கதவைத் தட்டுகிறவன்கூட அதைவிடப் பலமாகத் தட்டுவான்.

"ஓங்கி அடிங்க. இப்படித் தட்டினா எழும்பாது."

அவன் சுத்தியலை ஓங்கினான்.

"விரலை எடு, வியோலாந்தே."

அவளும் அந்த விரலைத்தான், யாரோ ஒருத்தியின் விரலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது செம்பின் மேல் அப்படியே இருந்தது.