மழைக்கு மூடிய பை

என் மனைவி கேஸ்கே மறுபடி நூலக வேலைக்குப் போவதா, வீட்டோடு கிடப்பதா என்பது கடைசியில் ஒரு சைக்கிள் பையில் வந்து நின்றது. நுரையீரல் கெட்ட பிறகு, காற்றை இழுத்து ஆக்சிஜன் தரும் கருவி இல்லாமல் அவளுக்குச் சில நிமிடம்கூடத் தாங்காது. தோளில் மாட்டினால் கனம். பின்பக்கப் பையில் வைத்து, குழாயை மூக்குக்குக் கொண்டுவந்தால் சைக்கிளில் போகலாம். பஸ்ஸில் போயேன் என்று ஒருமுறை சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

குரோனிங்கன் நகரில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வூபோ பைகளை மாட்டிக் காட்டினார். முதல் பையில் குதிகால் இடித்தது. அடுத்தது பக்கவாட்டில் வலை வைத்தது.

"இதுல காத்து நல்லாப் போகும். கருவிக்கு அதானே வேணும்," என்றார்.

"மழையும் போகும்," என்றேன் நான். "சாப்பாடு, புஸ்தகம் எல்லாம் ஊறிடும். அந்த ரப்பர் பையைக் குடுங்க, வாயைச் சுருட்டி மூடுறது."

"கருவி உள்ள இருந்தா மூடக் கூடாது, ஹார்மன்."

"தெரியும்யா. நான் என்ன பச்சப் புள்ளையா?"

"பை எனக்கா, உனக்கா?" என்றாள் கேஸ்கே. இருந்தும் நான் காட்டியதையே மாட்டச் சொன்னாள்.

கருவியை அந்தப் பையில் வைத்து, ஓட்டிப் பார்க்கக் கால்வாய்ப் பக்கம் போனோம். சிவப்பு விளக்கில் நின்றபோது தூறல் விழுந்தது. தூறல் விழுந்தால் எங்கள் ஊரில் எல்லார் கையும் பையை மூடத்தான் போகும், யோசனையே தேவையில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற நான் குனிந்து, பையின் வாயை மூன்று சுருட்டு சுருட்டிக் கொக்கி போட்டேன்.

பச்சை விழுந்ததும் முன்னால் போனாள். சற்று தூரத்தில் மிதி தளர்ந்தது. களைப்பு என்று நினைத்தேன். 'அப்பவே பஸ்ஸுன்னு சொன்னேன்ல' என்பது வாய்வரை வந்துவிட்டது. சைக்கிள் கோணிக்கொண்டு போய்க் கால்வாய்க் கரைக் கம்பியில் சாய்ந்தது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பைக்குள் கருவி கத்திக்கொண்டிருந்ததும் அப்போதுதான் கேட்டது.

கொக்கி கழலவில்லை. இந்த மடையன் போட்ட கொக்கி இந்த மடையனுக்கே மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். நசுங்கிய குழாய் நிமிர்ந்தது. அவள் உதட்டில் நிறம் திரும்பும்வரை எனக்கு உயிரே இல்லை.

"நான்தான் மூடினேன். கை தானாப் போயிருச்சு."

அவள் சைக்கிளைக் கடைப் பக்கம் திருப்பினாள்.

கடைக்குத் திரும்பியதும் வலைப் பையை எடுத்து வூபோவிடம் நீட்டினாள்.

"சாமான் நனையுமே," என்றார்.

"நனையட்டும். நான்தான் மூச்சு விடணும்."

திங்கட்கிழமை காலை மழை கொட்டியது. நானும் என் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"நூலகம் வரைக்கும். உன் பின்னாலயே வரேன்."

"பின்னால வேணாம். முன்னால போ. உன் கை எங்க இருக்குன்னு நான் பாத்துக்கிட்டே வரணும்."

முன்னால் போனேன். அவள் மூச்சு எப்படி இருக்கிறதோ என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே மிதித்தேன். இருந்தும் நூலக வாசல் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.