ஆள் பார்க்க வந்தவர் கேட்ட கேள்வி

நெப்ராஸ்காவின் சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரிக்குத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளிலிருந்து யாரும் ஆள் பார்க்க வருவதில்லை. அந்த ஆண்டு வந்தார்கள். டெரல் ஓட்ஸ் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடும் வேகம் அப்படி. அவன் ஓடுவதற்கு முன்னால் எதிரணித் தடியர்களை முட்டித் தள்ளி நிறுத்துவது ஆர்லன் குசெராவின் வேலை. பேர் யாருக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆர்லனுக்கு அதில் பொறாமை இல்லை. நாலு வருடமாக இருவரும் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள்.

அக்டோபரில் ஒருநாள் மதியம் ஆர்லன் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். தட்டும் கையுமாக ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். ஸ்டாசிக் என்று பேர். ஓர் அணிக்காக ஆள் பார்க்க வந்து, காலையிலிருந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்தான். வீட்டில் மாடு எத்தனை, அப்பாவுக்கு உடம்பு எப்படி என்றெல்லாம் விசாரித்தார். இலவங்கப்பட்டை ரோலைப் பிய்த்து மிளகாய்ப் பீன்ஸ் குழம்பில் தோய்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"உன் ரூம்காரன் காலைல படி இறங்கறப்போ கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டா இறங்கறான், தம்பி?"

டெரலுக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகிறது. ஒருக்களித்துத்தான் படி இறங்குகிறான். வெளியே யாருக்கும் தெரியாது.

"அவனா? மான் மாதிரி குதிச்சு இறங்குவான் சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஸ்டாசிக் சாப்பாட்டில் இறங்கினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு அணிக்காரர்கள் வரவில்லை. டெரலைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏஜெண்ட், "உன் தொடையைப் பத்தி வெளியே பேச்சா இருக்கே" என்று போனில் இழுத்தானாம். டெரல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"என் தொடை விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நீ, கோச். கோச் எனக்கு அப்பா மாதிரி."

"அப்போ நான் யாருடா?"

"அதான் நானும் யோசிக்கறேன். அந்த ஆளு கூட உக்காந்து சாப்பிட்டியாமே."

"அவரா வந்து உக்காந்தார். நான் ஒண்ணும் சொல்லல."

"சரி, சொல்லல" என்றான் டெரல். ஆனால் அன்றிலிருந்து ஆர்லன் உள்ளே வந்தால் போன் பேச்சை நிறுத்தினான். ஆட்டத்துக்கு முன்னால் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட்டான். ஆர்லனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தன் முகமே காட்டிக்கொடுத்திருக்குமோ என்று கண்ணாடியில் பொய் சொல்லிப் பார்த்தான். பிறகு கோச் நோவாட்னியிடம் போய் நின்றான்.

கோச் சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றார்.

"ஏன் கோச்?"

"கேட்டாங்க, சொன்னேன். இன்னிக்கு ஒரு பொய் சொன்னா, அடுத்த வருஷம் நெடுஞ்சாலையை விட்டு ஒரு கார் இந்தப் பக்கம் திரும்பாது. உங்களுக்கு அப்புறமும் பசங்க வருவாங்கல்ல. டெரல் கால் ஆறிடும். என் வார்த்தை ஒருதடவை கெட்டா ஆறாது."

"அவன் என்னைச் சந்தேகப்படறான்."

கோச் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதை நான் யோசிக்கல" என்றார். "ஸ்டாசிக்கிட்ட நீ மான்னு சொன்னியாமே. என்கிட்ட கேட்டு முடிச்சுட்டுத்தான் உன்கிட்ட வந்தார் அந்த மனுஷன்."

ஆர்லனுக்குக் காது மடல் சுட்டது. "தெரிஞ்சேவா கேட்டார்? அப்போ என்கிட்ட எதைச் சோதிச்சுப் பார்த்தார்?"

"அது அவருக்குத்தான் வெளிச்சம். என்கிட்ட சொல்லல."

அன்று மாலையே கோச் டெரலைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். டெரல் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"எனக்காகப் பொய் சொன்னியாமே."

"ம்."

"உனக்கு அந்த வித்தையே வராதேடா, மாட்டுக்காரா."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் ஹெல்மெட்டுகள் முட்டிக்கொண்டன. விஷயம் தீர்ந்தது என்று ஆர்லன் நினைத்தான்.

ஏப்ரலில் அணிகள் ஆள் எடுத்தபோது இருவர் பேரையும் யாரும் வாசிக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு ஓர் அணி டெரலை மட்டும் பயிற்சி முகாமுக்கு வரச்சொன்னது. அவன் தொடை எப்போதோ ஆறியிருந்தது. ஆர்லனை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த மான் பேச்சு தன் பேரைக் கெடுத்ததா, தன் கால்தான் மெதுவா என்று கேட்டறிய அவனுக்கு ஆளும் இல்லை.

அப்பாவின் பிக்கப் வண்டியில் டெரலை ஒமாஹா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். லிங்கன் நகரத்தைத் தாண்டியதும் டெரல் ரேடியோவைக் குறைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கோச் உனக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கலையே?"

ஆர்லன் சாலையையே பார்த்து ஓட்டினான். "இல்ல."

"சத்தியமா?"

"நான் சொன்னது ஒரே ஒரு பொய்டா. அதையும் உனக்காகத்தான் சொன்னேன்."

"சரி" என்றான் டெரல். ரேடியோவைக் கூட்டினான்.

விமான நிலைய வாசலில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். டெரல் திரும்பித் திரும்பிக் கையசைத்தபடி உள்ளே போனான். வண்டியைத் திருப்பும்போது ஆர்லனுக்குத் தோன்றியது, அவன் இடத்தில் இருந்திருந்தால் நாமும் கேட்டிருப்போம் என்று. அது ஆறுதலாக இல்லை. வீடு போய்ச் சேரும்வரை அந்தச் 'சரி'யைப் பல குரல்களில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு குரலிலாவது டெரல் தன்னை நம்பியதாகத் தெரியவில்லை.