அனுப்பாமல் விட்ட லேயர்

கம்ப்யூட்டர் சொல்லாமல் இல்லை. சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாகத்தான் சொன்னது: கேபிள் லேயரை ஏற்ற முடியவில்லை. காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டாமா?

மேப்பு அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. குடிநீர்க் குழாய் பதிக்கிற கம்பெனியில் மேப் போடுகிறவள் அவள். ஆபீசில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் மேப்பு அக்காதான். ரோடு ஒரு லேயர், வீடுகள் ஒரு லேயர், பழைய குழாய் ஒரு லேயர், மண்ணுக்கடியில் ஓடுகிற கரண்ட் கேபிள் ஒரு லேயர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் கிளவுடில் ஏற்ற வேண்டும். தோண்டுகிற இடத்தில் இருப்பவர்கள் அதை டேப்லெட்டில் இறக்கிக்கொள்வார்கள். சிவப்புக் கோடு தெரிகிற இடத்துக்கு மெஷின் போகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

முந்தின நாள்தான் மின்சார ஆபீசிலிருந்து திருத்திய கேபிள் கோடுகள் வந்திருந்தன. பழைய லேயரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டாள். மற்ற ஃபைலெல்லாம் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்க, இது மட்டும் டெஸ்க்டாப்பில் கிடந்தது. ஃபோல்டருக்கு வெளியே கிடப்பதைக் கிளவுடு சீண்டாது. உள்ளே நகர்த்தி மறுபடி இணைத்தால் தீர்ந்தது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"என்னம்மா, இன்னும் ஏறலையா? அங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"ஒரு லேயர் மட்டும் தகராறு பண்ணுது சார்."

"ஒண்ணுதானே? மத்ததை அனுப்பு. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

எந்த லேயர் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்த லேயருக்கு நேராக 'அனுப்ப வேண்டாம்' என்று ஒரு தட்டு தட்டினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "அப்பாடா" என்று மேனேஜர் நகர்ந்தார். அவர் தலை மறைந்ததும் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பாவி, நினைத்ததோடு சரி. அதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது.

அம்மாவுக்கு எப்போதும் ஒரே கவலை, நெட்டை. மேப்பு அக்காவின் தம்பி. வாசல் நிலையில் தலையை இடித்து இடித்தே வளர்ந்தவன் என்பதால் வீட்டில் வைத்த பெயர். வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தோண்டுகிற மெஷினில் டிரைவராக உட்காரவைத்தது இவள்தான். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டான்டி. மண்ணுக்குள்ள என்ன இருக்குமோ ஏது இருக்குமோ, எனக்குப் பகீர்னு இருக்கு."

"என்ன இருக்குன்னு போட்டுக் கொடுக்கிறதே நான்தாம்மா. என் தம்பியை நானே குழியில தள்ளுவேனா? போனை வை."

பேசிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் டீ மெஷினுக்கு வந்திருந்தாள். ஒரு வாய் குடிக்கவில்லை, அடுத்த போன். நெட்டை.

"அக்கா, இந்த முக்குல போன வாரம் சிவப்புக் கோடு பாத்த மாதிரி ஞாபகம். இப்ப ஒண்ணுமே காட்டலையே?"

"புது மேப்டா. கோட்டையெல்லாம் திருத்தி அனுப்பியிருக்காங்க."

"மேஸ்திரி முதல்ல கையால தோண்டிப் பாக்கலாம்னு சொல்றாரு."

"மேப்ல இல்லைன்னா இல்லடா, பயந்தாங்கொள்ளி. நீயும் அம்மா மாதிரி ஆரம்பிக்காத. மெஷினை விடு."

அவன் சிரித்தான். "சரிதான். நீ போட்ட மேப்பை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்?"

சீட்டுக்கு வந்து, சும்மா அந்த முக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

சிவப்புக் கோடு இருந்தது. குழாய் போகிற பாதைக்குக் குறுக்கே, நட்ட நடுவில் ஓடியது. தட்டினால் விவரமும் வந்தது. உயர் அழுத்தக் கேபிள். ஊரின் இந்தப் பக்கம் முழுக்க, இந்த ஆபீஸ் உட்பட, இதிலிருந்துதான் கரண்ட். ஃபைல் இங்கேயே கிடப்பதால் அவள் திரையில் தெரிகிறது. டேப்லெட்டில் தெரியாது. சனியன், லேயர் வராத இடமும் கேபிள் இல்லாத இடமும் அங்கே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

நெட்டைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. மேஸ்திரிக்குப் போட்டால், அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி நெட்டைக்கு. "எடுடா, டேய், எடுடா..."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

"காலையில விட்டது கேபிள் லேயர் சார்! தோண்ட வேணாம்னு சொல்லுங்க, யாருக்காவது போன் பண்ணுங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. போனைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினார்.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஃபைலை ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டாள், இணைத்தாள், ஏற்றினாள். ஒரு தகராறும் இல்லை. காலையிலும் இவ்வளவு நேரம்தான் பிடித்திருக்கும். இதற்கா சோம்பல்பட்டாள்? பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. பாதி. பாதிக்கு மேல்.

விளக்கெல்லாம் அணைந்தது. ஏசி முனகிக்கொண்டு நின்றது. அவள் திரை கறுத்துப்போனது.

"போச்சுடா, கரண்ட்!" என்று பின் சீட்டுக்காரன் குஷியாகக் கத்தினான். "வாங்கப்பா எல்லாரும், கீழ போய்க் காத்து வாங்கலாம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எதிர்க் கட்டடமும் இருண்டிருந்தது, கீழே சாலை சிக்னலும் அணைந்திருந்தது. மேனேஜர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தார்.

"இருக்காது சார்," என்றாள் அவள். "வேற எங்கேயாவது போயிருக்கும். அடிக்கடி போறதுதானே?"

நெட்டையின் போன் அடித்து ஓய்ந்தது. அடுத்த நொடியே மேஸ்திரி கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல். யார் யாரோ தள்ளி நில்லு, கிட்டப் போகாதே என்று அலறிக்கொண்டிருந்தார்கள்.

"கையால தோண்டிப் பாப்போம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்மா," என்றார் அவர், அழுதுகொண்டே. "எங்க அக்காவே சொல்லிட்டாங்கன்னு ஏறி உக்காந்தான்மா."